நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்

கயல்,

இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்திருக்கலாம். மெல்பர்னுக்காக நீ கட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே சொருகியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊரார் படிக்கும் பத்திரிகையில் அச்சிடக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜாலான் புசார் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடிக் கூடத்தில், எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்து நின்று உன்னை அவமானப்படுத்தினேன். ஊரறிய அடித்துவிட்டு, அடுப்படியில் வைத்துக் காதோடு காதாக மன்னிப்புக் கேட்பது நியாயமில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் உன்னிடம் அனுமதி கேட்டேன். நீ இரண்டு நாள் யோசித்துவிட்டு, "போடுங்கம்மா. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டிடாதீங்க" என்றாய். உன் சம்பந்தமான ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் உன்னிடம் அனுமதி கேட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. அதில் பதினாறு வருடம் தொழிற்சங்கக் கிளையின் செயற்குழுவில் இருந்தேன். கழிவறைக்குப் போவதற்கும் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னபோது முதலில் எழுந்து நின்றவர்கள் ராஜியும் நானும்தான். ராஜி ஆன்ட்டியை உனக்குத் தெரியும். என்னோடு அதே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவள், இன்றும் என் ஒரே தோழி. உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாளை என்று ஒன்று இருப்பதாகவே நினைக்காத மனிதர். நீ உயர்நிலை இரண்டில் படித்தபோது அவர் இறந்துபோனார். அவராக எடுத்து வைத்தது எதுவுமில்லை. சம்பளத்திலிருந்து சட்டப்படி கட்டாயமாகப் பிடித்து வைத்த சேமநிதிதான் நம் தலைக்கு மேல் இருந்த கூரையைக் காப்பாற்றியது. அதனால் மனிதர்களின் நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது, விதி வேண்டும், சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும் என்பது எனக்கு ஏட்டுப் பாடமல்ல.

உன்னை வளர்த்ததும் அப்படித்தான். பதினைந்து வயதில் நீ நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாய். நீ டியூஷனுக்குப் போயிருந்தபோது அதை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். தப்பான சகவாசம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ திரும்பி வந்ததும், அதில் எழுதியிருந்த ஒரு விஷயத்தைப் பற்றி உன்னிடம் கேள்வியும் கேட்டேன். நீ அழவில்லை. "அது என்னோடதும்மா" என்று மட்டும் சொன்னாய். "இந்த வீட்டுல உன்னோடது என்னோடதுன்னு ஒண்ணும் கிடையாது. எல்லாம் நம்மளோடது" என்றேன். சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. அன்றைக்குப் பிறகு நீ நாட்குறிப்பு எழுதவில்லை. பல வருடம் கழித்து உன்னை யார் இப்படி மாற்றினார்கள் என்று புலம்பியபோது, பல்கலைக்கழகத்தையும் புத்தகங்களையும் குறை சொன்னேன். நாட்குறிப்பு எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

தேக்கா சந்தைக் கடையில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ முதன்முதலில் அந்தச் சொல்லைச் சொன்னாய். "நான் லிபர்டேரியன்மா." அது ஏதோ மதம் என்று நினைத்து, கையிலிருந்த புரோட்டாவைத் தட்டில் போட்டுவிட்டேன். நீ சிரித்தாய். ஒருவர் மற்றவருக்குத் தீங்கு செய்யாதவரை அவரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டும், அரசாங்கமானாலும் சங்கமானாலும் சொந்தத் தாயானாலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விளக்கினாய். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சுதந்திரவாதி என்றால் சிறைக்குப் போனவர் மாதிரி ஒலிக்கிறது என்றாய். அதன் பிறகு உன்னை எந்தப் பெட்டிக்குள் வைப்பதென்றே எனக்குப் புரியவில்லை. தூக்குத் தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினாய். என் மகள் என்று பூரித்தேன். கட்டுமானத் தொழிலாளி எந்த முதலாளியிடம் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் மாறிக்கொள்ள விட வேண்டும் என்றாய். ராஜியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். மறுவாரமே கட்டாயச் சேமநிதி தப்பு, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தப்பு என்றாய். உன் அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னாய்.

"உன் பொண்ணு நம்ம பக்கமா, முதலாளி பக்கமா?" என்று ராஜி கேட்டாள். "திங்கக்கிழமை நம்ம பக்கம், செவ்வாக்கிழமை அவங்க பக்கம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உள்ளே பயமாக இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கூட்டம். மாதம் ஒரு தலைப்பை எடுத்துத் தமிழில் விவாதிக்கும் சிறு வட்டம் அது. அந்த மாதத் தலைப்பு, லிபர்டேரியன்கள் இடதுசாரிகளா வலதுசாரிகளா என்பது. நீ பேசப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. ராஜிக்கு யாரோ அனுப்பிய அழைப்பில் உன் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இருவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் பேசியவர், சொத்தைக் காப்பதுதான் இவர்கள் குறி, அதனால் வலதுதான் என்றார். அடுத்தவர், அதிகாரத்தைச் சந்தேகப்படுகிற எவரும் இடதுதான் என்றார். மூன்றாவதாக நீ எழுந்தாய். மஞ்சள் சட்டை போட்டிருந்தாய். "ஆளைத் தூக்குல போடற அதிகாரம் வேண்டாம்னு சொன்னா என்னை இடதுன்னு சொல்றாங்க. சம்பளத்துல கட்டாயமா பிடிக்க வேண்டாம்னு சொன்னா வலதுன்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டும் ஒரே வாக்கியம்தான். அந்த வாக்கியத்தைப் பாதியா வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கறீங்க" என்றாய். கூடம் சிரித்தது. உன் கருத்தை ஏற்காமலேயே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அது பத்து நிமிடம் நீடித்திருக்கும்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "வீடு வாடகைக்கு விடறவர், இந்தியர் வேண்டாம்னு விளம்பரம் போடறார். சட்டம் போட்டு அவரைத் தடுக்கணுமா, வேண்டாமா? நேரடியாச் சொல்லுங்க."

நீ மைக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாய். "தடுக்கக் கூடாது. அவர் செய்யறது அசிங்கம். அவர்கிட்ட பேசலாம், சண்டை போடலாம், அவர் வீட்ல காப்பி குடிக்காம எழுந்து வரலாம். ஆனா அவர் மேல போலீஸை அனுப்பக் கூடாது."

பக்கத்தில் ராஜி கையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் யார் என்று சொன்னேன். நீ என் மகள் என்று சொன்னேன். எங்களுக்கு அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடு கிடைக்காமல் வரிசையில் காத்திருந்த நாட்களில், ஏழு மாத வயிற்றோடு கேலாங்கில் அறை தேடி நான் நடந்ததைச் சொன்னேன். உன் அப்பா இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்ததையும், ஒரு வீட்டுக்காரம்மா கம்பிக் கதவைத் திறக்காமலேயே என் முகத்தையும் வயிற்றையும் பார்த்து, "சாரி ஆ, இந்தியன் கேனோட்", இந்தியருக்குத் தர முடியாது என்று சொல்லி உள்கதவைச் சாத்தியதையும் சொன்னேன். "அன்னிக்கு என் வயித்துல இருந்தது நீ. அந்தக் கதவைச் சாத்தற உரிமை அந்தம்மாவுக்கு உண்டுன்னு இன்னிக்கு நீ மேடை ஏறிச் சொல்றே. இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்? வலதுசாரிகூட வாய்விட்டுச் சொல்லக் கூசறதை நீ சொல்றே. நீ எந்தப் பக்கமும் இல்ல. உனக்கு மனசே இல்ல" என்றேன். கை தட்டினார்கள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு, "அம்மா சொன்னது நடந்தது. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாய். படி இறங்கும்போது ராஜி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. மெல்பர்ன் வேலை உறுதியானதைக்கூடக் குறுஞ்செய்தியில்தான் சொன்னாய். விசாவுக்காக உன் சான்றிதழ்கள் வேண்டும், உன்னோடு வேலை செய்கிற தோழி வந்து வாங்கிக்கொள்வாள் என்று எழுதியிருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பெண் வந்தாள். அவளை நித்யா என்று அழைக்கிறேன். (அது அவள் உண்மைப் பெயர் அல்ல, மாற்றிப் போடச் சொன்னாள்.) திருச்சிப் பக்கம். வந்து இரண்டு வருடம் ஆகிறது. உட்காரச் சொன்னேன். சான்றிதழ்கள் இருந்த ஃபைலை அவள் மடியில் வைத்து, ஒவ்வொரு சான்றிதழாகச் சரிபார்த்தோம். மரியாதையான பெண். எனக்குப் பிடித்துவிட்டது.

"ஏதாவது விட்டுப்போச்சுன்னா கயல் என்கிட்ட கேட்க மாட்டா. நீ கேளும்மா. என் நம்பரைப் போட்டுக்கோ" என்று சொல்லி எண்ணைச் சொன்னேன். அவள் தன் கைபேசியில் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். கடைசி இலக்கத்தை அழுத்தியதும் விரல் நின்றுவிட்டது. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. இந்த நம்பர் எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு." திரையை என் பக்கம் திருப்பினாள். அவள் அனுப்பியிருந்த செய்தி மேலே இருந்தது. விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன், அறை இன்னும் இருக்கிறதா, நான் தனியாள், சைவம், சத்தமே வராது, நீங்கள் தமிழ் என்று பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே என் பதில். "சாரி. நோ இந்தியா."

உன் அறையைத்தான் கயல். நீ சிராங்கூனுக்குத் தோழிகளோடு குடிபோன பிறகு காலியாகக் கிடந்த உன் அறையை வாடகைக்கு விடலாம் என்று வாடகைக் குழு ஒன்றில் நானே விளம்பரம் போட்டிருந்தேன். தமிழ் ஆன்ட்டி, தனியாக இருக்கிறேன், உள்ளூர்க்காரர்களும் மலேசியர்களும் மட்டும், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வேண்டாம். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஒருத்தி வந்தால் நாலு பேரைக் கூட்டி வருவார்கள், எண்ணெய்ப் பிசுக்கு, சத்தம் என்று லிஃப்டில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். அதையே உண்மையென்று எடுத்துக்கொண்டேன். நாம் வேறு, அவர்கள் வேறு என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அந்த வரியை எழுதும்போது கேலாங் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இதை நீ நம்ப வேண்டும். ஒரு மேடையில் கண்ணீரோடு சொல்லத் தெரிந்த கதை, கைபேசியில் மூன்று சொல் தட்டும்போது நினைவுக்கு வரவே இல்லை.

"நீ அதை கயல்கிட்ட..." என்று இழுத்தேன்.

நித்யா எழுந்து நின்றாள். "அப்பவே காட்டினேன் ஆன்ட்டி. லன்ச்ல. தமிழ் ஆளுங்களே இப்படிப் போடறாங்க பாருன்னு காட்டினேன். நம்பரை ரெண்டு தடவை பார்த்தா. சாப்பாட்டு டப்பாவை மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டா. எனக்காகக் கோபப்படறான்னு நினைச்சேன்."

"எப்ப?"

"அந்த மீட்டிங்குக்கு மூணு வாரம் முன்னாடி."

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் அவள் போய்விட்டாள். மூன்று வாரம். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். காப்பி கலக்கட்டுமா என்றேன். "வேண்டாம்மா" என்றாய். வயிறு சரியில்லையோ என்று ஓமத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அன்று என்னிடம் ஏதோ பேசத்தான் வந்திருக்கிறாய். அப்போதும் நான் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. பிறகு அந்தக் கூடத்தில், எண்பது பேருக்கு முன்னால், மனசே இல்லாதவள் என்று நான் கத்தியபோது, உன் பையில் கைபேசி இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். "அம்மா, உங்க விளம்பரத்தைப் படிக்கட்டுமா?" கை தட்டியவர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்திருப்பார்கள். நீ வாயைத் திறந்தாய். மூடிக்கொண்டாய்.

எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ராஜியை அழைத்தேன். திட்டுவாள், குறைந்தபட்சம் ஐயோ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "இதுக்குப் போய் ஏன் அழறே? எல்லாரும் போடறதுதானே. நம்ம வீடு, நம்ம இஷ்டம்" என்றாள்.

கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பேசியது ராஜிதானா என்று பார்த்தேன். கழிவறைச் சீட்டைக் கிழித்து மேற்பார்வையாளரின் மேசையில் போட்டவள். உன் பேச்சைக் கேட்டுப் பல்லைக் கடித்தவள். நீ மேடையில் தயங்கித் தயங்கி, அசிங்கம் என்று பெயர் சொல்லி, வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்ட உரிமையை, என் தோழி எந்தக் கூச்சமும் இல்லாமல் நாலே சொல்லில் சொல்லி முடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அதைத்தான் செய்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு இடதுசாரி என்று என்னை நானே அழைத்துக்கொள்ளும்போது, அந்தச் சொல் வேறு யாருடைய உடுப்பையோ போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலை சிராங்கூனுக்கு வந்தேன். உன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையிலிருந்து அழைத்தேன். முகம் கழுவாமல், வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாய். நித்யா ஏற்கெனவே உன்னிடம் சொல்லியிருந்தாள். எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாய். நான் முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்குக் கேள்விதான் வந்தது.

"ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேன். உங்களை வச்சு ஜெயிக்கணுமாம்மா?"

"நான் உன்னை அவ்வளவு பேசினேனே."

"பேசினீங்க" என்றாய். "அந்த ஆள் கேட்டார் இல்ல, வீட்டுக்காரரைத் தடுக்கணுமான்னு? எல்லாரும் யாரோ ஒரு வீட்டுக்காரரை நினைச்சாங்க. எனக்கு உங்க முகம்தான் வந்துச்சு. உங்க மேல போலீஸை அனுப்பணுமான்னு கேட்கறாங்க. நான் எப்படி ஆமான்னு சொல்வேன்?"

கிளைச் செயற்குழுவில் பதினாறு வருடம் வாதாடிய பழக்கம் அப்போதும் போகவில்லை. "அப்ப நீ சொன்னது கொள்கையா, பாசமா?" என்று கேட்டேன்.

நீ சிரிக்க முயன்றாய், முடியவில்லை. "கொள்கைன்னுதான் நினைச்சேன். ஐ டோன்ட் நோ லா, மா. நிஜமாவே தெரியல" என்று சொல்லிவிட்டு அழுதாய். நாட்குறிப்பைப் படித்தபோதுகூட என் முன்னால் அழாதவள், பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்க அழுதாய். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். விளம்பரத்துக்கும், கூட்டத்துக்கும், நாட்குறிப்புக்கும் சேர்த்துக் கேட்டேன். நாட்குறிப்பு என்றதும் நீ நிமிர்ந்து பார்த்தாய். "அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாய். நேற்றுதான் ஞாபகம் வந்தது என்று உண்மையைச் சொன்னேன்.

நித்யாவுக்குச் செய்தி அனுப்பினேன். அறை இன்னும் காலிதான், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், தவறு என்னுடையது என்று எழுதினேன். அவள் குரல் பதிவாகப் பதில் அனுப்பினாள். "வேணாம் ஆன்ட்டி. இப்ப இருக்கற இடம் ஆபீஸுக்குத் தூரம்தான். இருந்தாலும் வேணாம். தினம் உங்க முகத்தைப் பார்த்தா அந்த மெசேஜ்தான் ஞாபகத்துக்கு வரும். கோபமெல்லாம் இல்ல." பலமுறை போட்டுக் கேட்டேன். என்னை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது. அதை அவள் என்னைவிடக் கண்ணியமாகப் பயன்படுத்தினாள். அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி விளம்பரம் போட்டேன். விழுப்புரத்துப் பெண் ஒருத்தி, ஆய்வகத்தில் வேலை, இப்போது உன் அறையில் இருக்கிறாள். கலையரசி என்று பெயர். மீன் பொரித்தால் மூன்று நாளைக்கு வாடை போவதில்லை. குளியலறையில் முடியை அள்ளுவதில்லை. எனக்கு எரிச்சல் வருகிறது. சொல்கிறேன். அவளும் பதிலுக்கு, உங்கள் டிவி சத்தம் தாங்க முடியவில்லை ஆன்ட்டி என்கிறாள். நான் மனம் திருந்திப் புனிதமாகிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

நீ மெல்பர்ன் போனதும் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கத்தான் போகிறார்கள். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் பேசிய பெண்தானே, அவள் இடதா வலதா என்று. யோசித்துப் பார்த்தேன். நாங்கள் யாருக்காகப் போராடினோமோ அவர்களுக்காகத்தான் நீயும் கையெழுத்து வாங்குகிறாய். நாங்கள் யாரை எதிர்த்துப் போராடினோமோ அவர்களுக்கு வசதியான விஷயங்களையும் பேசுகிறாய். அங்கே ஒரு காலும் இங்கே ஒரு காலுமாக நீ நிற்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது, நீ நின்ற இடத்திலேயே நிற்கிறாய், நான்தான் என் பக்கம் என்று நினைத்த இடத்தில் இல்லை. ஆனால் ஒன்று. உன்னோடு நான் உடன்பட்டுவிட்டேன் என்று எண்ணிவிடாதே. அப்படி ஒரு விளம்பரம் போட்டால் தண்டனை உண்டு என்று சட்டம் இருந்திருந்தால், நான் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். நல்ல மனசினால் அல்ல, பயத்தினால். நித்யாவுக்கு அந்தப் பயமே போதுமானதாக இருந்திருக்கும். தங்க ஓர் இடம் கிடைத்திருக்கும். என்னைத் திருத்த நீ மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாய். அந்த மூன்று வாரமும் அவள் அறை தேடி அலைந்துகொண்டிருந்தாள். இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா என்று காப்பிக்கடையில் கேட்டேன். "இல்ல. அதுதான் எனக்கும் தூக்கம் வராம பண்ணுது" என்றாய். சட்டம் வந்திருந்தால் என் கை நின்றிருக்கும், ஆனால் அந்த விளம்பரத்தோடு சேர்த்துக் கேலாங் எனக்கு நினைவுக்கு வந்திருக்காது என்பதும் உண்மை. அதை வரவழைத்தது உன் மௌனம்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சட்டம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் எனக்கு என்னைத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றுதான் நீ சொல்வாய், ஏனென்றால் இத்தனைக்குப் பிறகும் நீ என்னை நம்புகிறாய்.

மெல்பர்னில் நீ வீடு தேடப் போகிறாய். யாராவது உன் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னால், கொள்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் என்னைக் கூப்பிடு. நான் வாதாட மாட்டேன். கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் விமானம் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நான் விமான நிலையத்துக்கு வருகிறேன். வர வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது, கயல். தயவுசெய்து சொல்லிவிடாதே.

அம்மா